துலும் கடற்கரையும் மாயர் கோட்டையும்: அப்பா அம்மாவோடு போகலாமா?

ஹூஸ்டன்மல்லி

வணக்கம் நண்பர்களே. மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். பிப்ரவரியில் ஒரு வாரம் மெக்சிகோவின் கரீபியன் கரைப் பக்கம் போய் வரலாம் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. கான்கூனில் சாப்பாடு, நீச்சல் குளம் எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய ரிசார்ட்டில் தங்கிவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு அதே கரையில் தெற்கே இருக்கும் துலுமில் இருக்கிறது. கடலோரப் பாறை மேல் நிற்கும், மாயர் என்ற அந்தப் பகுதிப் பழங்குடி மக்கள் கட்டிய கோட்டையின் படத்தைப் பார்த்ததிலிருந்து அப்பாவுக்கும் அதே ஆசை.

அப்பா பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். கல்வெட்டு, சிற்பம் என்றால் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். அம்மாவுக்கு மூட்டுவலி, வெயில் ஆகாது, முட்டைகூடச் சாப்பிட மாட்டார். பையனுக்கு ஒன்பது வயது, தண்ணீரைக் கண்டால் போதும்.

இவர்கள் எல்லோரையும் துலுமுக்குக் கூட்டிப் போவது சரிதானா? கோட்டை சின்னது, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள், உண்மையா? விசா, சாப்பாடு, கடற்கரை எல்லாவற்றையும் பற்றிப் போய் வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

சன்னலோரம்

முதலில் விசா. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் மெக்சிகோவுக்கு விசா எடுக்க வேண்டும். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் தனியாக எடுக்கத் தேவையில்லை. கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் விசாவுக்கும் இதே விதிதான். அந்த நாடுகளில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி அட்டை இருந்தாலும் போதும். உங்கள் பெற்றோரின் அமெரிக்கச் சுற்றுலா விசா காலாவதி ஆகாமல், பலமுறை நுழையும் வகையாக இருந்தால் கவலை இல்லை.

உங்கள் இருவர் கடவுச்சீட்டையும் எடுத்துப் பாருங்கள். நம்மில் பலருக்கு வேலை அனுமதித் தாள் நடப்பில் இருக்கும், கடவுச்சீட்டில் ஒட்டிய விசா முத்திரை மட்டும் காலாவதி ஆகியிருக்கும். அந்தத் தாளைக் காட்டி மெக்சிகோவுக்குள் நுழைய முடியாது. முத்திரைதான் கணக்கு.

இன்னொன்று, கான்கூனும் துலுமும் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் வெளிநாட்டவரிடம் தனியாக ஒரு சுற்றுலா வரி வாங்குகிறது. மாநில அரசின் தளத்திலேயே கட்டலாம். அதே மாதிரித் தோற்றத்தில் தனியார் தளங்கள் கூடுதல் பணம் கேட்கும், கவனம்.

பழையசோறு

நான் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். துலும் இப்போது குடும்பத்துக்கான ஊர் இல்லை. கடற்கரைச் சாலையில் தங்கும் விடுதிகளின் வாடகை நியூயார்க்கை எட்டிவிட்டது. டாக்ஸியில் மீட்டர் கிடையாது, ஆளைப் பார்த்துக் கேட்கிறார்கள். ஊருக்கும் கடற்கரைக்கும் நடுவில் மூன்று நான்கு கிலோமீட்டர், அதற்கே நம் கையைக் கடிக்கும் அளவுக்கு வாங்குகிறார்கள். இரவானால் கடற்கரை விடுதிகளில் இசைச் சத்தம்.

கோட்டை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் உயரமான பிரமிடு எதுவும் அங்கே இல்லை. எதன் மேலும் ஏற முடியாது, உள்ளேயும் போக முடியாது, கயிறு கட்டியிருக்கிறார்கள். அப்பா வரலாற்று ஆசிரியர் என்றால் சிச்சென் இட்சா என்ற பழைய மாயர் நகரத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே இருக்கும் பெரிய பிரமிடுக்கு நான்கு பக்கமும் 91 படி, மேலே ஒன்று, மொத்தம் 365. அதன் முன்னால் போய் நின்றால் நமக்கே மலைப்பாக இருக்கும். கான்கூனில் தங்கி அங்கே ஒரு நாள் போய் வந்தால் அம்மாவுக்கும் சிரமம் இல்லை.

கடலோடி

பழையசோறு சொல்லும் விலைவாசி உண்மை. ஆனால் அது கடற்கரைச் சாலைக்கு மட்டும்தான். ஊருக்குள் தங்குங்கள் மல்லி. துலும் ஊர் 307ஆம் எண் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது. அங்கே சமையலறையோடு வீடுகள் நியாயமான வாடகைக்குக் கிடைக்கும், அம்மாவுக்கு ரசம் வைத்துக் கொடுக்கலாம். அதே நெடுஞ்சாலையில் கொலெக்டிவோ என்ற வேன்கள் நாள் முழுக்க ஓடுகின்றன. உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போய்வருவது அதில்தான். கை காட்டினால் நிற்கும், சில்லறைக் காசில் போய் வரலாம்.

நான் சொல்ல வந்தது கடலைப் பற்றி. பிப்ரவரி என்பது நல்ல முடிவு. கோடையில் போவதாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். காரணம் சர்காசம் என்ற பழுப்பு நிறக் கடற்பாசி. 2011இலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் நடுவில் வருடாவருடம் ஒரு பெரிய பட்டையாக இது உருவாகிறது. 2025 மே மாதத்தில் மூன்றரைக் கோடி டன்னுக்கும் மேல் மிதந்ததாகத் தெற்கு புளோரிடா பல்கலைக்கழகத்தின் செயற்கைக்கோள் கணக்கு சொன்னது. அதற்குமுன் எந்த வருடமும் அவ்வளவு வந்ததில்லை. காற்றும் நீரோட்டமும் அதைத் தள்ளிக்கொண்டு வந்து கிழக்கே பார்த்த கரைகளில் சேர்க்கின்றன. துலும் நேர் கிழக்கே பார்த்த கரை.

கடலில் மிதக்கும்போது அதில் ஆமைக்குஞ்சும் மீன்குஞ்சும் வாழ்கின்றன, நல்ல செடிதான். கரையில் குவிந்து அழுகும்போது அழுகிய முட்டை நாற்றத்தோடு வாயு கிளம்பும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கஷ்டம். விடிகாலையில் ஆட்கள் முள்வாரியும் தள்ளுவண்டியுமாக வாரிக்கொண்டே இருப்பார்கள், அடுத்த அலையில் மறுபடி வந்துவிடும். பொதுவாக ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு, செப்டம்பர் வரை தொல்லை அதிகம். டிசம்பர் முதல் மார்ச் வரை பெரும்பாலும் தப்பிக்கலாம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலமும்கூட. 2024 ஜூலை 5 அன்று பெரில் புயல் துலும் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது.

கல்மண்டபம்

> உயரமான பிரமிடு எதுவும் அங்கே இல்லை

இதை வைத்து துலுமை எடை போட்டுவிட்டால் வருத்தமாக இருக்கும் பழையசோறு. சிச்சென் இட்சாவை நானும் மதிக்கிறேன். ஆனால் அது தலைநகரம், இது துறைமுகம். துறைமுகத்தைத் துறைமுகமாகப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

துலும் செழித்தது 13ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை. தெற்கே காட்டுக்குள் இருந்த பெரிய மாயர் நகரங்கள் கைவிடப்பட்டுச் சில நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன, சிச்சென் இட்சாவின் பொற்காலமும் முடிந்துவிட்டது. அந்தச் சமயத்தில் மாயர் உலகத்தின் செல்வம் கடல் வழியாக நகர்ந்தது. ஒரே மரத்தைக் குடைந்து செய்த நீளமான படகுகளில் உப்பு, பருத்தித் துணி, தேன், கொக்கோ விதை எல்லாம் துலும் இருக்கும் யுகடான் தீபகற்பத்தைச் சுற்றிப் போயின. குவாத்தமாலாவின் எரிமலைப் பகுதியிலிருந்து பல நூறு கிலோமீட்டர் கடந்து வந்த கண்ணாடிக்கல் துலுமில் கிடைத்திருக்கிறது. இரும்பு இல்லாத அந்த மக்களுக்குக் கத்தியும் அம்புமுனையும் அதுதான்.

கரைக்கு இணையாகக் கடலுக்குள் பவளப்பாறைத் தொடர் ஓடுகிறது. ஆஸ்திரேலியாவை அடுத்து உலகத்திலேயே நீளமானது இது. தெரியாத படகு வந்தால் அதில் மோதி உடையும். துலுமுக்கு நேர் எதிரே பாறையில் ஒரு இடைவெளி இருக்கிறது. பாறைமேல் நிற்கும் பெரிய கட்டடமான காஸ்டீயோவின் சன்னல்களில் விளக்கு வைத்து, அந்த வெளிச்சத்தை நேர்கோட்டில் பிடித்துப் படகோட்டிகள் இடைவெளிக்குள் நுழைந்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். கீழே சின்ன மணல்திட்டு, படகுகளை இழுத்துப் போட வசதியாக. இதை மனதில் வைத்துக்கொண்டு பாறை விளிம்பில் நின்று பார்த்தால் அந்த ஊர் ஏன் அங்கே எழுந்தது என்று புரிந்துவிடும்.

கடல் பக்கம் 12 மீட்டர் செங்குத்துப் பாறை. மற்ற மூன்று பக்கமும் மதில், மொத்தம் 784 மீட்டர் நீளம், சில இடங்களில் 8 மீட்டர் கனம். ஐந்து வாசல்கள், ஒவ்வொன்றும் ஆள் குனிந்து போகும் அளவுக்குக் குறுகல். மதிலுக்குள் கோயில்களும் பெரிய மனிதர்களின் வீடுகளும் இருந்தன. சாதாரண மக்கள் மதிலுக்கு வெளியே மரத்தாலும் ஓலையாலும் கட்டிய வீடுகளில் வாழ்ந்தார்கள். அவை மக்கிப் போய்விட்டன. நாம் பார்ப்பது ஊரின் நடுப்பகுதி மட்டுமே, சின்னதாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்பாவிடம் இரண்டு கட்டடங்களைத் தவறவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒன்று, இறங்கும் தெய்வத்தின் கோயில். வாசலுக்கு மேலே தலைகீழாக, கால் மேலே கை கீழே இருக்கும்படி ஒரு உருவம். தேனீத் தெய்வம் என்பார்கள் சிலர், வெள்ளிக் கிரகம் என்பார்கள் சிலர். தேனீ என்பதற்கு நியாயம் உண்டு. கொட்டாத தேனீயை மரப்பொந்துகளில் வளர்த்துத் தேன் எடுப்பது மாயர்களின் பழைய தொழில், இப்போதும் கிராமங்களில் செய்கிறார்கள்.

இன்னொன்று ஓவியக் கோயில். வெளிமூலைகளில் சுதையால் செய்த பெரிய முகங்கள். மூலையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு முகம் முழுசாகும். உள்சுவரில் பழைய ஓவியம் இன்னும் இருக்கிறது, வெளியிலிருந்துதான் எட்டிப் பார்க்க முடியும். மாயர்களின் ஓவியங்களுக்கே உரிய நீலம் ஒன்று உண்டு. அவுரிச் சாயத்தை ஒரு வகைக் களிமண்ணோடு சேர்த்துச் சூடுபடுத்திச் செய்தது. அவுரி மட்டும் என்றால் வெயிலில் வெளுத்திருக்கும். களிமண் அதைப் பிடித்து வைத்துக்கொண்டதால் நூற்றாண்டுகள் கடந்தும் அந்த நீலம் நிற்கிறது.

காலை 8 மணிக்குத் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். நிழல் மிகக் குறைவு. பத்தரை மணிக்கு கான்கூனிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் வர ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமை மெக்சிகோ மக்களுக்கு இலவசம் என்பதால் கூட்டம் அதிகம், வேறு நாளில் போங்கள். நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

ஹூஸ்டன்மல்லி

கல்மண்டபம் சார், உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவுரி விஷயத்தை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார். கணவரும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்.

அம்மாவின் சாப்பாடுதான் இப்போது என் பெரிய கவலை. மெக்சிகோ என்றால் பயறும் சோறும் இருக்குமே, சமாளிக்கலாமா?

சரக்கொன்றை

மல்லி, சமாளிக்கலாம், ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். நான் சுத்த சைவம், அதனால் விவரமாகவே சொல்கிறேன். அங்கே கறுப்புப் பயறை வேகவைத்து மசித்துத் தருவார்கள், பார்க்க சைவமாக இருக்கும், பல இடங்களில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். சோற்றைக் கோழி வேகவைத்த தண்ணீரில் சமைப்பதும் வழக்கம். "சின் கார்னே" என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டு இல்லாமல் தருவார்கள், அவ்வளவுதான். "சின் போயோ, சின் பெஸ்காடோ, சின் மன்டேக்கா" என்று கோழி, மீன், கொழுப்பு மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். முட்டைக்கு "சின் உவேவோ".

டார்டியா என்ற மக்காச்சோள ரொட்டியைப் பயமில்லாமல் சாப்பிடலாம். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்துச் செய்வது, வேறொன்றும் இல்லை. தெருவில் டார்டியேரியா என்று பலகை போட்ட கடையில் சூடாக எடைபோட்டுத் தருவார்கள். யுகடானுக்கே உரிய சிக்கில் பாக் என்ற துவையலைத் தேடிப் பாருங்கள். பூசணி விதையை வறுத்து அரைத்து, சுட்ட தக்காளி சேர்த்துச் செய்வது. நம் வீட்டு எள்ளுத் துவையல் பக்கத்தில் வைத்துச் சாப்பிடத் தோன்றும். சாயா என்ற கீரையைப் பல கடைகளில் சமைத்துத் தருவார்கள். சப்பாத்திக்கள்ளி மடலைச் சுட்டு டார்டியாவுக்குள் வைத்த டாக்கோ உண்டு. அபனேரோ மிளகாய்ச் சட்னியை மட்டும் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள், நம் குண்டூர் மிளகாய் அதற்குப் பக்கத்தில்கூட நிற்காது.

அம்மாவுக்குப் பழக்கடை ரொம்பப் பிடிக்கும். பப்பாளி, கொய்யா, சீத்தா, சப்போட்டா எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து நம் ஊருக்கு வந்தவைதான். சப்போட்டா மரம் யுகடான் காடுகளில் தானாக வளர்கிறது. அதன் பாலைக் காய்ச்சித்தான் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்தார்கள். பால் எடுக்கக் காட்டுக்குள் அலைந்தவர்கள்தான் பல மாயர் நகரங்களின் இருப்பிடத்தை ஆய்வாளர்களுக்குக் காட்டியவர்கள். கோயில் வாசல் உத்தரத்துக்கு மாயர்கள் போட்ட மரமும் சப்போட்டாதான், அவ்வளவு உறுதி.

யாழ்நிலா

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். எங்கட ஆட்கள் பலர் குளிருக்குத் தப்பி அந்தப் பக்கம் போவினம், பெரும்பாலும் ரிசார்ட்டை விட்டு வெளியே வருவதில்லை. மல்லி அக்கா, நீங்கள் துலும் எடுத்தது நல்லது. அம்மாவின் மூட்டுவலியை யோசித்தால் ஒரு யோசனை இருக்கு: கோபா.

துலுமில் இருந்து வடமேற்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர். காட்டுக்குள்ளே, ஏரிகளுக்கு நடுவில் இருந்த பெருநகரம், துலுமை விடப் பல நூற்றாண்டு பழசு. அங்கே வாசலிலேயே மூன்று சக்கர மிதிவண்டி வைத்துக்கொண்டு உள்ளூர் மாயர்கள் நிற்பார்கள். முன்னால் இரண்டு பேர் இருக்கலாம், அவர்கள் பின்னால் இருந்து மிதிப்பார்கள். பாதை முழுக்க மரநிழல். எங்கட அம்மம்மாவை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனோம், அவவுக்குக் கால் நோகவே இல்லை. பிள்ளைகள் தனிச் சைக்கிள் எடுத்து ஓடலாம்.

நொகோச் முல் என்ற பிரமிடு 42 மீட்டர் உயரம். ஏறவிடுவார்களா என்பது அவ்வப்போது மாறும், போகும் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு அங்கே பார்க்க வேண்டியது கல்தூண்கள். அதில் ஒன்றில் மாயர் நாட்காட்டியின் தொடக்க நாள், கி.மு. 3114 ஆகஸ்டு, பொறித்திருக்கு. பிறகு அந்த வெள்ளைச் சாலைகள். சுண்ணாம்புக்கல் போட்டு உயர்த்திக் கட்டிய நேர்சாலைகள் கோபாவில் இருந்து எல்லாத் திசைக்கும் போகுது. மேற்கே யஷூனா என்ற ஊர்வரை போகும் சாலை ஏறக்குறைய 100 கிலோமீட்டர். வண்டியும் சக்கரமும் சுமை தூக்கும் விலங்கும் இல்லாத மக்கள், நடக்கிறதுக்காக மட்டும் அப்படி ஒரு சாலை போட்டிருக்கினம்.

சிச்சென் இட்சாவும் போவதென்றால் துலுமில் இருந்து இரண்டு மணித்தியாலம் கார் ஓட்டம். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. துலும் இருக்கும் மாநிலத்துக்கும் சிச்சென் இட்சா இருக்கும் யுகடான் மாநிலத்துக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம். துலுமில் ஏழு மணி என்றால் அங்கே ஆறு. போகும்போது ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், திறக்கும் நேரத்துக்கே போய்ச் சேரலாம். திரும்பும்போது அந்த ஒரு மணியைக் கழித்துக்கொள்ளுங்கள், விமானம் பிடிக்கிற நாளில் இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

தென்காற்று

ஒரு கேள்வி. மாயர் பிரமிடுகளைப் பார்த்தால் நம் கோயில் விமானம் மாதிரியே படிப்படியாக இருக்கிறது. சோழர்கள் கடல் கடந்து போனவர்கள். அவர்கள் அங்கேயும் போயிருப்பார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்தது. இதில் ஏதாவது உண்மை உண்டா?

கல்மண்டபம்

இல்லை தென்காற்று. பார்க்க ஒத்திருப்பது உண்மைதான். கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்தள்ளி அடுக்கிக் கூரை மூடும் முறை இரண்டு இடத்திலும் உண்டு. ஆனால் கல்லை உயரமாக அடுக்க நினைக்கும் யாருக்கும் அகலமான அடியும் குறுகும் உச்சியும்தான் கைகொடுக்கும்.

தொடர்பு இருந்திருந்தால் பொருள் போயிருக்கும். நெல் போகவில்லை, இரும்பு போகவில்லை, மாடு போகவில்லை, வண்டிச் சக்கரம் போகவில்லை. துலும் படங்களில் அழகாகச் சாய்ந்து நிற்கும் தென்னை மரங்கள்கூட ஐரோப்பியர்கள் வந்த பிறகு அந்தக் கரைக்கு வந்தவை. அந்தப் பக்கத்திலிருந்து மிளகாயும் மக்காச்சோளமும் மரவள்ளியும் நம்மிடம் வந்தது ஐரோப்பியக் கப்பல்கள் கடலைக் கடந்த பிறகுதான். சோழர் சமையலில் மிளகாய் கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாயர் எழுத்தை இன்று படிக்கிறோம். 1952இல் ரஷ்ய அறிஞர் யூரி கினோரோசவ் அது ஒலியையும் குறிக்கும் எழுத்து என்று காட்டினார். அதன்பின் அரசர்களின் பிறப்பு, பட்டமேற்பு, போர் எல்லாம் தேதியோடு படிக்கக் கிடைத்தன. அவர்கள் வரலாற்றை அவர்களே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் கல்வெட்டை வேறு யாரோ வந்து வெட்டியது என்று யாராவது சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அந்த மரியாதையை அவர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

தென்காற்று

சரி சார், புரிந்தது. அந்தக் காணொளியை அனுப்பியவருக்கே உங்கள் பதில் போகிறது.

நீரடி

பையனுக்குத் தண்ணீர் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அவனுக்காகவே இந்தப் பதிவு. செனோட்டே பற்றி யாரும் இன்னும் பேசவில்லை.

யுகடானின் வடபகுதியில் தரைமேல் ஆறே கிடையாது. முழுக்கச் சுண்ணாம்புக்கல், பெய்யும் மழை அப்படியே உள்ளே இறங்கிவிடும். ஆறுகள் தரைக்குக் கீழே குகைகளில் ஓடுகின்றன. குகையின் கூரை இடிந்து விழுந்த இடத்தில் வானம் தெரியும் கிணறாகிறது, அதுதான் செனோட்டே. மாயர்களுக்குக் குடிநீரும் அதுவே, மழைத் தெய்வத்தின் வாசலும் அதுவே. துலுமைச் சுற்றி உலகத்தின் மிக நீளமான நீரடிக் குகைகள் இருக்கின்றன. 2018இல் சாக் அக்துன் என்ற குகையும் தோஸ் ஓஹோஸ் என்ற குகையும் ஒன்றோடொன்று இணைந்தவை என்று முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தபோது மொத்தம் 347 கிலோமீட்டர் ஆனது.

தண்ணீருக்குள் சுண்ணாம்பு விழுதுகள் தொங்குவதைப் பையனுக்குக் காட்டுங்கள். விழுது சொட்டுச் சொட்டாகக் காற்றில்தான் வளரும். பனியூழிக் காலத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தபோது இந்தக் குகைகள் காய்ந்து கிடந்தன என்பதற்கு அதுவே சாட்சி. ஓயோ நெக்ரோ என்ற ஆழ்குழியில் 2007இல் ஒரு இளம்பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. 12,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. இருட்டுக் குகைக்குள் தண்ணீர் தேடி வந்து விழுந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். பக்கத்திலேயே அழிந்துபோன யானை இனத்தின் எலும்பும் வாள்பல் புலியின் எலும்பும் கிடந்தன.

சின்னப் பையனுக்கு ஆழம் குறைந்த, திறந்த செனோட்டே நல்லது. கிரான் செனோட்டே பிரபலம், காலையிலேயே போக வேண்டும். மிதவைச் சட்டை பல இடங்களில் கிடைக்கும், சில இடங்களில் போட்டே ஆக வேண்டும். குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், வெயில் களிம்பு பூசிக்கொண்டு இறங்கக் கூடாது. இதைத் தயவுசெய்து கடைப்பிடியுங்கள். அந்தத் தண்ணீர்தான் அங்கே குடிநீர், அதுவே கீழ்வழியாகப் போய்க் கடலில் பவளப்பாறையைத் தொடுகிறது. ஊர் வளர்ந்த வேகத்துக்குக் கழிவுநீர்க் குழாய் வளரவில்லை. கட்டடங்களின் அழுக்கு கல் இடுக்கு வழியாக அதே ஆற்றில் கலக்கிறது. மாயா ரயில் பாதைக்காக இந்தக் குகைகளின் கூரையைத் துளைத்து ஆயிரக்கணக்கான இரும்புத் தூண்களை இறக்கியிருக்கிறார்கள். ரயிலால் ஊர்களுக்கு வேலை வரும் என்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் குகைக்குள் நீந்திப் போகும்போது நடுவில் துருப்பிடித்த தூண் நிற்பதைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது.

பழையசோறு

நீரடி எழுதியதைத்தான் நானும் வேறு வழியில் சொல்ல வந்தேன். ஊரைக் காசாக்கும் வேகம் எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. கோட்டை இப்போது ஜாகுவார் பூங்கா என்ற எல்லைக்குள் வந்துவிட்டது. தொல்லியல் துறைக்கு ஒரு கட்டணம், பூங்காவுக்கு ஒன்று, இயற்கைப் பாதுகாப்புக்கு ஒன்று. வண்டி நிறுத்துமிடத்திலேயே மஞ்சள் சட்டை போட்டவர்கள் "இங்கேதான் டிக்கெட்" என்று மறித்து, படகுச் சவாரியோடு சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். நிற்காமல் நேரே அரசு வாசலுக்குப் போங்கள். கட்டணம் அடிக்கடி ஏறுகிறது, கிளம்புமுன் பாருங்கள், பெசோ பணமாகவே வைத்திருங்கள்.

கடற்கரையும் அப்படித்தான். மெக்சிகோ சட்டப்படி எல்லாக் கடற்கரையும் பொதுமக்களுடையது. 2020இல் வழி மறிப்பவர்களுக்கு அபராதமும் கொண்டுவந்தார்கள். ஆனால் கடலுக்குப் போகும் வழி விடுதியின் இடத்துக்குள் இருக்கும், அங்கே சாப்பிட்டால்தான் விடுவோம் என்பார்கள். உள்ளூர்க் குழந்தைகள் தங்கள் கடலுக்கே காசு கொடுத்துப் போக வேண்டும் என்றால் எப்படி?

கடலோடி

இந்தக் கோபம் நியாயமானது, உள்ளூர் மக்களே இதற்காகப் போராடியிருக்கிறார்கள். மல்லி, மீனவர்கள் படகு நிறுத்தும் பெஸ்காடோரஸ் கடற்கரைப் பக்கம் விசாரியுங்கள். அது பூங்கா எல்லைக்குள் வருகிறது, அன்றைய நுழைவு விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆமைகளைப் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே அகுமால் விரிகுடா. தொடக் கூடாது, துரத்தக் கூடாது.

சன்னலோரம்

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. 2021 அக்டோபரில் துலும் ஊருக்குள் ஒரு உணவகத்தில் போதைக் கும்பல்களுக்குள் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் இறந்தார்கள், ஒருவர் இந்தியாவில் பிறந்தவர். இதை மறைத்துப் பேச விரும்பவில்லை. சண்டை பெரும்பாலும் இரவு விடுதிகளையும் போதை விற்பனையையும் சுற்றித்தான். குழந்தை, பெரியவர்களோடு போகும் குடும்பம் பகலில் சுற்றிவிட்டு இருட்டுமுன் வீடு திரும்பினால் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. பணம் எடுக்க வங்கிக்குள் இருக்கும் ஏடிஎம் மட்டும் பயன்படுத்துங்கள். திரையில் டாலர் மாற்று விகிதம் காட்டி ஏற்கிறீர்களா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள், அது எப்போதும் நமக்கு நஷ்டம்.

கல்மண்டபம்

போகுமுன் அப்பாவோடு பேசிக்கொள்ள ஒரு விஷயம். நம் பாடப்புத்தகங்களில் மாயர்கள் "மறைந்துபோன மக்கள்" என்றுதான் படித்தோம். இது என்னை வெகுநாளாக உறுத்துவது.

1518இல் ஸ்பானியக் கப்பலொன்று அந்தக் கரையோரம் போனபோது, செவீயா நகரம் அளவுக்குப் பெரிய ஊரைக் கண்டதாக ஒரு பாதிரியார் எழுதி வைத்தார். அது துலுமாகத்தான் இருக்கும் என்பது பலர் கருத்து. அடுத்த சில பத்தாண்டுகளில் ஐரோப்பிய நோய்கள் வந்து ஊர் காலியானது. 1842இல் ஜான் லாய்டு ஸ்டீபன்ஸும் ஓவியர் பிரெடரிக் கேதர்வுட்டும் கடல் வழியாக வந்து காட்டுக்குள் மூடிக்கிடந்ததை வரைந்தார்கள். பெரும்பாலான வழிகாட்டி நூல்கள் இங்கே நிறுத்திவிட்டு நேரே விடுதிகளுக்குத் தாவிவிடும்.

நடுவில் நடந்தது ஒரு பெரிய போர். 1847இல் நிலத்தைப் பிடுங்கியவர்களுக்கு எதிராக யுகடான் மாயர்கள் எழுந்தார்கள். ஒரு கட்டத்தில் தீபகற்பத்தின் பெரும்பகுதி அவர்கள் கையில். பின்வாங்க வேண்டி வந்தபோது கிழக்குக் காட்டுக்குள் பேசும் சிலுவை ஒன்றின் பெயரால் தனி அரசு அமைத்து அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தார்கள். துலும் அந்த மக்களின் புனிதத் தலங்களில் ஒன்றாக இருந்தது. அங்கே மரியா உய்காப் என்ற பெண் சிலுவையின் காவல் தலைவியாக இருந்து வழிநடத்தினார். 1901இல்தான் மெக்சிகோ ராணுவம் அவர்கள் தலைநகரைப் பிடித்தது. இப்போது துலும் விமான நிலையத்துக்கு வைத்திருக்கும் பிலிப்பே கரீயோ புவெர்ட்டோ என்ற பெயர்தான் அந்தப் பழைய தலைநகரின் இன்றைய பெயரும்.

அந்த மக்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று துலும் விடுதிகளில் படுக்கை விரிக்கிறார்கள், கடற்பாசி வாருகிறார்கள், கோபாவில் மூன்று சக்கர வண்டி மிதிக்கிறார்கள். யுகடான் மாயா மொழியை ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பேசுகிறார்கள். ஊரில் பெண்கள் பூத்தையல் போட்ட வெள்ளை உடையில் போவதைப் பார்க்கலாம். சில கிராமங்களில் சிலுவைக்கு இன்றும் முறைவைத்துக் காவல் இருக்கிறார்கள். ஆகவே வழிகாட்டி பிடிப்பதானால் உள்ளூர் மாயர் ஒருவரைப் பிடியுங்கள். நினைவுப் பொருளும் செய்தவர் கையிலேயே வாங்குங்கள். தேன் கிடைத்தால் தேனே வாங்குங்கள்.

ஹூஸ்டன்மல்லி

எல்லோருக்கும் நன்றி. இப்படித்தான் முடிவு செய்திருக்கிறோம். ஊருக்குள் சமையலறையோடு வீடு. துலும் விமான நிலையத்துக்கே ஹூஸ்டனிலிருந்து விமானம் இருக்கிறதா என்று பார்க்கிறேன், இல்லாவிட்டால் கான்கூனில் இறங்கிப் பேருந்து. வார நாளில் காலை 8 மணிக்கு அப்பாவும் நானும் கோட்டைக்கு, அம்மா அன்று வீட்டில் ஓய்வு. கோபாவுக்கு எல்லோரும் சேர்ந்து, அங்கே அம்மா மூன்று சக்கர வண்டியில். கணவரும் பையனும் செனோட்டேக்கு. சிச்சென் இட்சா போகிறோமா என்பது அம்மாவின் கால் சொல்லும்.

ஒரே ஒரு சந்தேகம். அம்மா புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, இட்லிப் பொடி எல்லாம் கட்டத் தொடங்கிவிட்டார். சுங்கத்தில் விடுவார்களா?

சரக்கொன்றை

வறுத்து அரைத்த பொடியை மூடிய பொட்டலத்தில் கொண்டு போனால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. முளைக்கக்கூடிய முழுப் பருப்பு, விதை, புதுப் பழம், கறிவேப்பிலைக் கொத்து இவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், தாவர நோய்க்குப் பயந்து பிடுங்கிவிடுவார்கள். படிவத்தில் உணவு இருக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்றே எழுதுங்கள். அரிசி அங்கேயே கிடைக்கும்.

யாழ்நிலா

கோபாவில் அந்த மூன்று சக்கர வண்டிக்காரர் மரங்களின் பெயர் எல்லாம் சொல்லிக்கொண்டு வருவார், மாயாவிலும் சொல்லுவார். "தியோஸ் போ'ஓதிக்" என்று நன்றி சொல்லிப் பாருங்கள் அக்கா, முகம் மலர்ந்துபோகும். போய் வந்து அப்பா என்ன சொன்னார் என்று கட்டாயம் எழுத வேண்டும்.